ஜனவரியில் நயாகரா, அதுவும் ஓர் இரவு தங்கி

நயாகராவுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் ரொறன்ரோவில் இருக்குமா தெரியாது. ஊரிலிருந்து மாமி வருவார், லண்டனிலிருந்து சித்தப்பா குடும்பம் வரும், பாரிஸிலிருந்து மச்சாளும் பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள். வந்த களை ஆறுவதற்குள் எல்லாரையும் வானில் ஏற்றிக்கொண்டு கியூ.ஈ.டபிள்யூ. நெடுஞ்சாலையைப் பிடித்துவிடுவோம். ஜூலை வெயிலில் தடுப்புக் கம்பியருகே இடம் பிடித்து, படகுக்கு வரிசையில் நின்று, பிளாஸ்ரிக் மழையங்கி போட்டு நனைந்து, ஆளுக்கு நூறு படம் எடுத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு ஸ்காபரோ வந்து சேர்ந்துவிடுவோம். எனக்கு இதில் ஒரு கவலை நெடுநாளாக இருந்தது. நாங்கள் அருவியைக் காட்டுகிறோமே தவிர பார்ப்பதில்லை. வண்டி நிறுத்த இடம் தேடுவது, சின்னப் பிள்ளைகள் தொலையாமல் பார்ப்பது, மாமிக்குக் கழிப்பறை எங்கே என்று விசாரிப்பது, இதற்கிடையில் உலகத்திலேயே பெயர்பெற்ற ஓர் அருவி பக்கத்தில் விழுந்துகொண்டிருக்கும்.

இந்தமுறை விருந்தாளி யாரும் இல்லாமல், ஜனவரிக் கடைசியில், ஒரு ஞாயிறு பின்னேரம் போய்த் தங்கித் திங்கள் மாலை திரும்பினோம். நானும் இவரும் என் அப்பாவும். அப்பாதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். அவர் இலங்கை மின்சாரசபையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், லக்சபான நீர்மின் நிலையத்தில் சில வருடம் இருந்தவர். நயாகராவில் நூறு வருடத்துக்கு மேல் பழமையான ஒரு மின்நிலையத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், அதன் அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நடந்து போகலாம் என்று எங்கேயோ பார்த்தவர், அன்றிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கோடைச் சனத்துக்குள் அவரால் நெடுநேரம் நிற்க முடியாது. குளிர் எனக்குப் பரவாயில்லைப் பிள்ளை, தள்ளுமுள்ளுத்தான் ஏலாது என்றார். சரி, அப்படியென்றால் குளிர்காலத்திலேயே போவோம் என்று முடிவெடுத்தோம்.

ஸ்காபரோவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியால ஓட்டம். குளிர்காலத்தில் இதைச் சும்மா எண்ணிப் புறப்படக் கூடாது. பேர்லிங்ரன் ஏரிப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். ஒன்ராரியோ ஏரி பெரும்பாலும் உறைவதில்லை, அதன்மேல் வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையில் பனியாகக் கொட்டும், அதனால் ஸ்காபரோவில் வெயில் அடிக்கிறபோது சென்ற் கதரின்ஸ் பக்கம் முன்னால் போகிற வண்டி தெரியாமலிருக்கும். நாங்கள் போன அன்று வானம் தெளிவாக இருந்தது, மைனஸ் 14. கிரிம்ஸ்பியைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒரு நீண்ட மலைவிளிம்பு கூடவே வரும். கோடையில் மரங்கள் மூடியிருப்பதால் கவனத்துக்கு வராது. ஜனவரியில் இலையில்லாத மரங்களுக்குள்ளால் பாறை அடுக்கு அடுக்காகத் தெரிகிறது. இந்த விளிம்பிலிருந்துதான் நயாகரா ஆறு கீழே விழுகிறது. மேலே கெட்டியான டொலமைற் பாறை, அதன் அடியில் உதிர்கிற களிப்பாறை. விழும் நீர் அடியிலுள்ளதை அரித்து எடுக்க, மேற்பாறை தாங்காமல் உடைந்து விழும். இப்படியே அருவி ஏறத்தாழ 12,000 வருடத்தில் குயின்ஸ்ரனிலிருந்து பதினொரு கிலோமீற்றர் பின்னால் நகர்ந்து இப்போதுள்ள இடத்துக்கு வந்திருக்கிறது. நெடுஞ்சாலையின் மறுபக்கம் திராட்சைத் தோட்டங்கள். சில வரிசைகளில் இன்னும் பழம் தொங்குகிறது, பறவை கொத்தாமல் வலை போட்டிருக்கிறார்கள். மைனஸ் 8 பாகைக்குக் கீழே போனால்தான் பறிப்பார்கள், அதுவும் பெரும்பாலும் இரவில். உறைந்த பழத்தைப் பிழிந்து எடுக்கும் இனிப்பு வைனுக்கு இந்த ஊர் உலகப் பெயர் எடுத்திருக்கிறது.

நாலு மணிக்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டோம். பையை அறையில் போட்டுவிட்டு நேரே, நயாகராவின் அருவிகளில் பெரிதான குதிரைலாட அருவியின் விளிம்புக்கு, டேபிள் ரொக் கட்டடத்துக்கு முன்னால் போனோம். கோடையில் ஐந்து வரிசை ஆள் நிற்கிற இடம். அன்று மொத்தமாக ஒரு முப்பது பேர் இருந்திருப்பார்கள். நான் முதலில் பார்த்தது அருவியை அல்ல, மரங்களை. அருவியிலிருந்து எழும்புகிற நீர்த்தூவல் காற்றோடு வந்து படுகிற எல்லாவற்றிலும் உறைந்துகொண்டே இருக்கிறது. விளக்குக் கம்பம், தடுப்புக் கம்பி, காசு போட்டுப் பார்க்கிற தொலைநோக்கி, எல்லாம் பருத்துவிட்டன. மரக்கிளைகளில் பனிக்கட்டி நூலில் கட்டிய கற்கண்டு மாதிரிக் கோத்து நிற்கிறது. காற்று அடித்தால் கிளைகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடுகின்றன. அப்பா கையுறையைக் கழற்றி ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தார், இவ்வளவு பாரத்தையும் இது எப்படித் தாங்குது என்று கேட்டார். தாங்காமல் முறிந்த கிளைகளும் கீழே கிடந்தன.

ஒவ்வொரு ஜனவரியும் ‘நயாகரா உறைந்துவிட்டது’ என்று வாட்ஸப்பில் படம் சுற்றும். 2014இலும் 2015இலும் வந்த கடுங்குளிரில் இந்தச் செய்தி உலகமெல்லாம் போனது, ஊரிலிருந்து எனக்கே அனுப்பினார்கள். உண்மை அதுவல்ல. குதிரைலாட அருவி உறைவதில்லை. ஈரி ஏரியின் நீர் ஏறக்குறைய முழுவதும் வடிவது இந்த ஒரே ஆற்றால்தான், அவ்வளவு நீர் அவ்வளவு வேகத்தில் வந்தால் உறைய நேரமில்லை. உறைவது அருவியைச் சுற்றியுள்ளவைதான். தூவல் பட்டுப் பட்டு இரு பக்கப் பாறையிலும் பனிச்சுவர் வளர்கிறது, அடியில் பனிமேடு எழும்புகிறது, மேலே ஒரு பனித்தகடு படிந்து அதன் உள்ளே நீர் ஓடிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் வெள்ளையாகத் தெரிவதால் நின்றுபோனதாகத் தோன்றும். பக்கத்தில் அமெரிக்கக் கரையோரம் விழுகிற அமெரிக்க அருவி வேறு கதை. அதற்கு ஆற்றின் பத்தில் ஒரு பங்கு நீர்தான் வருகிறது, அதுவும் ஆழமில்லாத பாறை மேலால். முன்பு சில தடவை மேலே பனி அடைத்து அது முற்றாக நின்றிருக்கிறது. குதிரைலாட அருவியின் ஓரத்துப் பனிச்சுவரில் 2015 ஜனவரியில் வில் காட் என்ற கனடியர் ஏறி உச்சிக்கு வந்தார், அப்படி ஏறிய முதல் மனிதர் அவர். அவர் ஏறிய பக்கத்தை அப்பாவுக்குக் காட்டினேன். நீர் விழுகிற இடத்துக்கு எவ்வளவு கிட்ட என்று பார்த்துவிட்டு அவர் பேசவேயில்லை.

இன்னொரு விஷயம் இருக்கிறது, குளிர்காலத்தில் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜனவரியில் நாங்கள் பார்க்கிற அருவி கோடைப் பகலில் பார்க்கிறதன் பாதி. குளிரால் அல்ல, ஒப்பந்தத்தால். 1950இல் கனடாவும் அமெரிக்காவும் ஓர் உடன்படிக்கை செய்தன. ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து செப்டம்பர் 15 வரை காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரைக்கும், அதன்பிறகு ஒக்டோபர் கடைசி வரை காலை 8 முதல் இரவு 8 வரைக்கும், வினாடிக்குக் குறைந்தது 2,832 கன மீற்றர் நீர் அருவியில் விழ வேண்டும். மற்ற எல்லா நேரத்திலும், அதாவது கோடை இரவுகளிலும் குளிர்காலம் முழுவதும் இரவு பகலாக, 1,416 போதும். மிச்ச நீரை இரு நாடுகளும் சமமாகப் பிரித்து மின்சாரம் எடுக்கின்றன. அருவிக்கு மேலே கனடியக் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் ஒரு கதவணை இருக்கிறது, 18 கதவுகள், அதைத் திறந்து மூடித்தான் இந்தக் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். இவ்வளவு குறைந்த நீரும் விளிம்பு முழுவதும் பரவி விழ வேண்டும் என்பதற்காக 1950களில் அருவியின் இரு ஓரங்களையும் வெட்டியும் நிரப்பியும் திருத்தியிருக்கிறார்கள். இதை நான் சொன்னதும் இவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம், இயற்கை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனே என்றார். அப்பா அப்படி நினைக்கவில்லை. "கோடையில வாறவைக்கு முழுசாக் காட்டினம், மற்ற நேரம் வீட்டில லைற் எரிய விடினம். நல்ல யோசனை பிள்ளை" என்றார். மலைநாட்டில் அணை கட்டிய ஆறுகளின் பக்கத்தில் வேலை செய்தவருக்கு அது புதிதல்ல.

எனக்கும் அதில் ஏமாற்றம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் அருவி மீது மதிப்புக் கூடியது. பாதி நீர் என்று தெரிந்து பார்க்கிறபோதும் அது 57 மீற்றர் விழுகிறது, 670 மீற்றர் வளைவு முழுவதும் விழுகிறது, காலுக்குக் கீழே கல் அதிர்கிறது. நீர் குறைந்திருப்பதால் தூவலும் கொஞ்சம் குறைவு, கோடையில் புகைக்குள் மறைந்துபோகிற வளைவின் நடுப்பகுதி சில நிமிடம் தெளிவாகத் தெரிந்தது. விளிம்பில் நீர் வளைந்து இறங்குகிற இடத்தில் அந்தப் பச்சை நிறம்! சுற்றிவர எல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக இருக்கிறபோதுதான் அந்தப் பச்சை எவ்வளவு ஆழமான பச்சை என்று புரிகிறது. மேலிருந்து பனித்துண்டுகள் மிதந்து வருகின்றன, விளிம்புக்கு வந்து ஒரு கணம் தயங்குவதாகத் தோன்றிக் கவிழ்ந்து போகின்றன. ஒரு துண்டைத் தூரத்திலேயே குறித்து வைத்து அது விழும்வரை பார்ப்பது, அப்புறம் அடுத்ததைப் பிடிப்பது, இப்படியே முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. கோடையில் இதற்கு யார் விடுவார்கள்?

இருட்டியதும் விளக்குகள். 1925இலிருந்து கிட்டத்தட்ட இடைவிடாமல் இரவில் அருவிக்கு வெளிச்சம் போடுகிறார்கள், 2016 டிசம்பரில் எல்லாவற்றையும் எல்.ஈ.டி.க்கு மாற்றினார்கள். நீலம், சிவப்பு, ஊதா என்று நிறம் மாறும். எனக்கு இந்த நிறங்கள் அவ்வளவாகப் பிடிப்பதில்லை, வெள்ளை வெளிச்சம் மட்டும் விழுகிற அந்தச் சில நிமிடங்களுக்காகக் காத்து நின்றேன். ஆனால் பனி பூத்த மரங்களில் அந்த நிறம் பிரதிபலிப்பது அழகு என்பதை மறுக்க முடியாது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் இவரும் நானும் வானவில் பாலம் வரை நடந்தோம், அப்பா அறையில் சூடாக இருந்துகொண்டார். அந்த வழியில் ஒரு பக்கம் ஆற்றுப் பள்ளத்தாக்கு திறந்து கிடக்கிறது. கீழே அமெரிக்க அருவியின் முன்னால் பனிக்கட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கரைக்குக் கரை இறுகிக் கிடந்தன. இதைப் பனிப்பாலம் என்பார்கள். ஒரு காலத்தில் சனங்கள் இதன்மேல் நடப்பதற்கென்றே குளிர்காலத்தில் நயாகராவுக்கு வந்திருக்கிறார்கள். பனியின் நடுவில் கொட்டில் போட்டுக் குடிவகையும் நினைவுப் பொருளும் விற்றிருக்கிறார்கள், படம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 1912 பெப்ரவரி 4, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பனிப்பாலம் திடீரென்று பெயர்ந்து ஆற்றோடு போகத் தொடங்கியது. பலர் ஓடித் தப்பினார்கள். ரொறன்ரோவைச் சேர்ந்த எல்ட்ரிட்ஜ் ஸ்ரான்ரன், கிளாரா ஸ்ரான்ரன் என்ற கணவன் மனைவியும், அவர்களுக்கு உதவத் திரும்பிப்போன பரல் ஹெக்கொக் என்ற பதினேழு வயதுப் பையனும் தப்பவில்லை. கரையிலிருந்தவர்கள் பாலங்களிலிருந்து கயிறு இறக்கியும் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு பனியில் இறங்குவதைத் தடை செய்துவிட்டார்கள். திரும்பி ஓடி வந்து கரையேறியிருக்கக்கூடிய அந்தப் பையன், பின்னால் விழுந்த பெண்ணைப் பார்த்துத் திரும்பினானே, அதை நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்பது கஷ்டமாக இருந்தது.

நாங்கள் நின்ற பாலத்துக்கும் ஒரு பனிக்கதை இருக்கிறது. முன்பு அருவிக்கு இன்னும் கிட்ட ஓர் இரும்புப் பாலம் இருந்தது, தேனிலவுப் பாலம் என்று அழைத்தார்கள். 1938 ஜனவரியில் ஈரி ஏரியில் அடித்த புயற்காற்று பனி முழுவதையும் ஆற்றுக்குள் தள்ளிவிட, அது அருவியால் விழுந்து கீழே குவிந்து பாலத்தின் கால்களை நெருக்கியது. 27ஆம் திகதி பாலம் அப்படியே பனிமேல் விழுந்தது. விழப்போகிறது என்று முன்னரே தெரிந்து மூடியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. 1941இல் திறந்த வானவில் பாலத்தின் கால்களைப் பனி எட்டாத உயரத்தில் வைத்துக் கட்டினார்கள். இப்போது இவ்வளவு பனி கீழே வருவதும் குறைவு. 1964இலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் ஈரி ஏரியின் வாயில், பஃபலோவுக்கும் கனடியக் கரைக்கும் இடையில், ஏறத்தாழ 2.7 கிலோமீற்றர் நீளத்துக்கு மிதவைகளைக் கோத்துக் கட்டுகிறார்கள். ஏரி நீர் 4 பாகைக்கு இறங்கினதும், அல்லது டிசம்பர் 16 ஆனதும், எது முந்துகிறதோ அன்றிலிருந்து அதைப் போடத் தொடங்கலாம். அதற்குப் பின்னால் ஏரிப்பனி இறுகி நிற்கும், மின்நிலையங்களின் நீர்வாய்கள் அடைபடாது.

அறைக்கு வந்து வீட்டிலிருந்து கொண்டுபோன மட்டன் ரோல்ஸையும் இடியப்பப் பார்சலையும் பிரித்தோம், பிளாஸ்கில் தேத்தண்ணி இன்னும் சூடாக இருந்தது. அருவி தெரிகிற அறை எடுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வேன். ஜூலையில் அந்த விலை எங்களுக்குக் கட்டாது, ஜனவரி ஞாயிறு இரவில் கட்டும். ஆனால் பதிவு செய்யும்போது தெரிகிற தொகை கடைசித் தொகை அல்ல, வரி, நகரத்தின் தங்கும் கட்டணம், வண்டி நிறுத்தும் காசு என்று மேலே சேரும், எல்லாவற்றையும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த அருவி தெரியும், எந்த மாடி என்றும் கேளுங்கள்.

ஒரு மணி கடந்து விளக்குகளை அணைத்த பிறகு நான் எழும்பி ஜன்னலோரம் போனேன். அப்பா ஏற்கனவே கதிரையைப் போட்டு அங்கே இருந்தார். நிறம் போன பிறகுதான் அருவி அருவியாக இருந்தது. இருட்டில் ஒரு வெளிறிய வளைவு, அதற்கு மேலே தூவல் நேராகத் தூணாக எழும்பி நிற்கிறது. கண்ணாடி தடிப்பானது, சத்தம் உள்ளே வராது. இந்தச் சத்தம் நின்றுபோன ஒரு நாள் இருந்தது என்று அப்பாவுக்குச் சொன்னேன். 1848 மார்ச் 29 இரவு. ஈரி ஏரியின் பனி ஆற்றின் வாயை அடைத்துவிட்டது. அருவிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் சத்தம் இல்லாததால் விழித்துக்கொண்டார்களாம். விடிந்து பார்த்தால் ஆறு இல்லை, பாறை. சனங்கள் ஆற்றுப் படுக்கையில் இறங்கி நடந்தார்கள், அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் நடந்த 1812 போரில் நீருக்குள் போன துப்பாக்கிமுனைக் கத்திகளைப் பொறுக்கினார்கள், உலகம் முடியப்போகிறது என்று பயந்தவர்கள் தேவாலயத்தில் கூடினார்கள். ஒரு நாளுக்கு மேல் கழித்துப் பனி உடைந்து நீர் திரும்பி வந்தது. அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, அந்த நேரத்தில ஆலைச் சில்லெல்லாம் நிண்டிருக்குமே என்றார். ஆம், ஆற்றை நம்பியிருந்த ஆலைகள் நின்றுதான் போயின. அவருக்கு யோசனை அங்கேதான் போகும்.

காலையில் ஏழே முக்கால் அளவில் சூரியன் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. கனடாப் பக்கம் நிற்பவர்களுக்கு வானவில் பின்னேரத்தில்தான், சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். காலையில் வெளிச்சம் தூவலுக்குப் பின்னாலிருந்து வருவதால் அது முழுவதும் பொன்னிறமாகிவிடுகிறது, நாங்கள் அதற்குள் நின்றோம். ஆற்றின்மேல் ஆயிரக்கணக்கில் கடல்காகங்கள். குளிர்காலத்தில் வட அமெரிக்காவில் இந்தப் பறவைகளைப் பார்க்க மிகச் சிறந்த இடங்களில் நயாகரா ஆறு ஒன்று, ஆறு உறையாததும் மீன் கிடைப்பதும் காரணம். மேலே, விளிம்புக்குச் சற்று முன்னால், பழைய இரும்புப் படகு பனி மூடிக் கிடந்தது. 1918 ஓகஸ்டில் இரண்டு பேரோடு அறுத்துக்கொண்டு வந்து பாறையில் சிக்கிய படகு அது. அவர்களைக் கயிறு கட்டி மீட்டார்கள், படகு அங்கேயே நூறு வருடம் கிடந்தது, 2019 ஒக்டோபர் கடைசியில் ஒரு புயலில்தான் கொஞ்சம் நகர்ந்தது.

பத்து மணிக்கு அப்பாவின் மின்நிலையம். 1905இல் தொடங்கி 2006 வரை ஓடிய நிலையம், அருவிக்குச் சற்று மேலே கரையில் இருக்கிறது, 2021இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே நீண்ட மண்டபம், நீல நிறத்தில் பதினொரு பெரிய மின்பிறப்பாக்கிகள் வரிசையாக நிற்கின்றன. அப்பா தொப்பியைக் கழற்றினார். ஒவ்வொன்றின் தகட்டையும் வாசித்தார், 25 சைக்கிள் என்று போட்டிருந்ததைக் கண்டதும் என்னைக் கூப்பிட்டார். மின்னோட்டம் வினாடிக்கு எத்தனை சுற்று அலைகிறது என்ற கணக்கு அது, இலங்கையில் 50, இங்கே வீடுகளில் 60. ஒன்ராரியோவின் பெரும்பகுதி 1949 வரை 25 சைக்கிளில்தான் இருந்தது, பிறகு பத்து வருடம் எடுத்து வீட்டுக்கு வீடு இயந்திரங்களை மாற்றினார்கள். இந்த நிலையம் கடைசிவரை 25இலேயே ஓடியது. ஆற்று நீர் இங்கே செங்குத்தாகக் கீழே விழுந்து அடியில் உள்ள சுழலியைச் சுற்ற, நெடிய தண்டு ஒன்று அந்தச் சுழற்சியை மேலே மண்டபத்துக்குக் கொண்டுவரும். இவ்வளவு நீளத் தண்டை ஆடாமல் நூறு வருடம் சுற்ற வைத்திருக்கிறார்களே என்று அவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது.

கண்ணாடி லிப்டில் 55 மீற்றர் கீழே. சுழலியைச் சுற்றிவிட்டு நீர் வெளியேறிய சுரங்கம் அங்கே தொடங்குகிறது. 1900களின் தொடக்கத்தில் தொழிலாளர் லாந்தர் வெளிச்சத்தில், பிக்காசாலும் வெடிமருந்தாலும் குடைந்தது, 670 மீற்றர், உள்ளே செங்கல் கட்டு. கல்லில் பழைய நீர் படிய விட்ட கறை இன்னும் இருக்கிறது. அப்பா ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார், அவசரப்படவேயில்லை. கடைசியில் சுரங்கம் ஆற்றின் மட்டத்தில், குதிரைலாட அருவியின் காலடியில் போய்த் திறக்கிறது. வெளி மேடைக்குப் போவது பனியையும் காற்றையும் பொறுத்தது, போகுமுன் விசாரியுங்கள். எங்களை விட்டார்கள். அருவி இப்போது தலைக்கு மேலே இருந்தது. முன்னால் பனிப்பாறைகள், பக்கத்தில் பச்சை நீர் கொதித்துக்கொண்டு போகிறது, சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. கோடையில் படகில் வந்து இதே இடத்தைப் பலர் பார்த்திருப்பார்கள், ஆனால் படகு பத்து நிமிடத்தில் திரும்பிவிடும். நாங்கள் விறைக்கும்வரை நின்றோம். முகத்தில் விழுந்த தூவல் அப்பாவின் மீசையில் உறைந்தது. "பிள்ளை, இந்தத் தண்ணி சும்மா விழேல்ல" என்று என் காதுக்குள் சத்தமாகச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். தூவல் உடுப்பில் பட்டு உறையும், அதனால் வெளிச்சட்டை நீர் புகாததாக இருக்க வேண்டும், கம்பளி மட்டும் போதாது. சப்பாத்தின் அடியில் மாட்டுகிற இரும்புப் பல் பட்டி வயதானவர்களுக்குக் கட்டாயம், விளிம்போரம் முழுவதும் கண்ணாடியாக வழுக்கும். போன் பற்றரி குளிரில் சட்டென்று செத்துப்போகும், உள்பையில் உடம்போடு வைத்திருங்கள். அருவிக்குப் பின்னால் போகிற பழைய சுரங்கப் பாதை குளிர்காலத்திலும் உண்டு, ஆனால் கீழ் மேடையை மூடிவிடுவார்கள், வாசல்களில் பனி அடைத்திருக்கும். உடம்பு சூடேற வேண்டுமென்றால் அருவிக்குச் சற்றுத் தள்ளிக் கண்ணாடிப் பூங்கூடம் இருக்கிறது. மைனஸ் 14இலிருந்து உள்ளே போய் ஈர மண்வாசமும் ஓர்க்கிட் பூவுமாக நின்றது அப்பாவுக்கு மிகவும் பிடித்தது, அங்கே வாங்கிலிலிருந்து எழும்ப மனமில்லாமல் இருந்தார்.

திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டு ஆற்றோரப் பாதையால் வந்தோம். நீர்ச்சுழி, அப்புறம் குயின்ஸ்ரன். அங்கே பள்ளத்தாக்கின் இரு பக்கமும் இரண்டு பெரிய மின்நிலையங்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன, கனடாப் பக்கம் சேர் அடம் பெக், எதிரே அமெரிக்காவின் ராபர்ட் மோசஸ். அருவியில் நாங்கள் காணாத மற்றப் பாதி நீர் சுரங்கத்தாலும் கால்வாயாலும் வந்து இங்கேதான் ஆற்றில் சேர்கிறது. 2013இல் கனடா இன்னொரு சுரங்கமும் குடைந்து முடித்தது, 10 கிலோமீற்றருக்கு மேல் நீளம், ஊருக்கு அடியால் வருகிறது. அப்பாவுக்கு வண்டியை நிறுத்த வேண்டும், நிறுத்தினோம்.

பேர்லிங்ரன் பாலத்தில் பனி கொட்டத் தொடங்கியிருந்தது, இவர் மெல்லத்தான் ஓட்டினார். அப்பா பின் இருக்கையில் கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன். ஓக்வில் வந்ததும் ஏப்ரல் முதலாம் திகதி என்ன கிழமை என்று கேட்டார். அன்று காலை 8 மணிக்குள் அருவியின் நீரை 1,416இலிருந்து 2,832க்கு ஏற்ற வேண்டுமே, கதவுகளைத் திறக்கும்போது விளிம்பில் நீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டுமாம், ஏழு மணிக்கே அங்கே நிற்க வேண்டுமாம். இவரிடம் லீவு இருக்கிறது. முதல் நாள் இரவுக்கு அதே ஹோட்டலில் அறை போட்டுவிட்டேன்.